அம்பாப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

தலைமன்னார் இறங்குதுறை, பள்ளிமுனைப் பெருக்குமரம், ராமர் அணை மணல்திட்டு, தெருவில் திரியும் கழுதைகள். மன்னார் பெடியள் எடுக்கும் வீடியோக்களில் இவை தப்பாமல் வரும். பின்னணியில் பெரும்பாலும் ஒரு சினிமாப் பாட்டு. அங்கேதான் பதிப்புரிமையின் முதல் அடி விழுகிறது.

இவர்களுக்குப் பதிப்புரிமை பற்றி இணையவழியில் ஒரு குறும்பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. யூடியூப் 2011இலேயே பதிப்புரிமைப் பாடம் ஒன்றைக் கேள்வி பதிலோடு வைத்தது. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சனலே போய்விடலாம். உரிமை கோரும் கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு; கிளைம் வந்தால் பெரும்பாலும் விளம்பரக் காசுதான் கைமாறும். இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஆனால், அடி வாங்காமல் தப்புவது எப்படி என்று மட்டும் கற்பிக்கும் பாடம் மன்னாருக்குப் போதாது. இங்குள்ளவர்கள் பிறர் பாட்டை எடுப்பவர்கள் மட்டுமல்லர். தங்கள் பாட்டைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களும்கூட.

கரைவலை இழுக்கும் இடத்தைப் பாருங்கள். ஒருவர் தலைப்பாட்டுச் சொல்ல, கயிற்றில் நிற்பவர்கள் பின்பாட்டுக் கொடுத்து, காலை மணலில் ஊன்றிப் பின்னே சாய்வார்கள். இதுதான் அம்பாப் பாட்டு; பாட்டின் தாளமே இழுவையின் தாளம். கரைவலைகளை ட்ராக்டர் வின்ச் இழுக்கத் தொடங்கியபின் அம்பா கேட்பது அருகிவருகிறது. அதனாலேயே அதைப் படம்பிடிக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போனை நீட்டுகிறார்கள், பதிகிறார்கள், போய்விடுகிறார்கள். பாடியவர் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை.

என் கவலை அதற்கு அடுத்த கட்டம். அந்தப் பதிவின் மேல் யாரோ இசை சேர்த்துத் தன் பாட்டாக வெளியிட்டால், தானியங்கிப் பொருத்தம் பார்க்கும் இயந்திரத்துக்கு அது அவருடைய சொத்து. நாளைக்கு அதே தலைப்பாட்டுக்காரரின் பேரன் அப்பப்பாவின் பழைய பதிவை ஏற்றினால் கிளைம் அவன்மேல் வரக்கூடும். நியாயம் அவன் பக்கம் என்று மனு எழுத அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சட்டம் கைவிடவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்றே 24ஆம் பிரிவை வைத்திருக்கிறது. வணிக நோக்கிலோ வழமையான சூழலுக்கு வெளியேயோ பயன்படுத்த அனுமதி வேண்டும். எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறிப்பிடவும் வேண்டும். அப்படிக் குறிப்பிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் நாம் எழுதுவதில்லை.

தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கத்தை இன்னொரு பாடமாக்கலாம். கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியதாகச் சொல்லப்படுவது. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரைதான் பதிப்புரிமை. ஆகவே அந்த வாசகம் எல்லாருக்கும் பொது. ஆனால், போன வருடம் கோயிலில் அதைப் பாடிய குரல் பொதுவல்ல. பாடுவோர், ஆடுவோரின் அரங்கேற்றத்தை அவர்களின் அனுமதியின்றிப் பதியக்கூடாது என்பதும் இதே சட்டந்தான். கூத்திலும் அப்படியே. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கையிலுள்ள ஏடு நூற்றாண்டு பழையதா, அண்மையில் மறைந்த புலவர் எழுதியதா என்று கேட்டுவிட்டுத்தான் கமராவைத் திறக்க வேண்டும். பின்னதென்றால் உரிமை அவருடைய பிள்ளைகளிடம் இருக்கலாம்.

கட்டுப்பாடு கூடினால் கலை பரவாது என்பாரும் உண்டு. பெயரைச் சொல்லி, சம்மதம் வாங்கிப் பரப்புவதை யாரும் தடுக்கவில்லை.

பாடம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. டேட்டா காசு பார்த்துப் போடுகிற பிள்ளைகள் இவர்கள். குரல் மன்னார்ப் பேச்சில் இருக்கட்டும். பாடம் சொல்ல ஓர் அண்ணாவியாரையும் கரைவலை வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியாரையும் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டும். முதல் பயிற்சியாக நான் வைப்பது சட்டக் கேள்வி அல்ல. கரைவலைக்குப் போய், படம்பிடிக்கும் முன் போனிலேயே அரை நிமிடக் குரல்பதிவு எடுக்க வேண்டும்: பாடுகிறவர் பெயர், ஊர், எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை, காசு வந்தால் அவருக்கு என்ன பங்கு. அந்தப் பதிவின் ஒரு பிரதி பாடியவரின் போனுக்கும் போன பிறகே அடுத்த பாடம் திறக்க வேண்டும்.