ஜிம் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள், ஆவடியில் காவலர் தேர்வுக்கு உடம்பைத் தேற்றுபவர்கள், பூந்தமல்லியில் டாக்டர் கண்டித்தபிறகு சேரும் நடுத்தர வயதினர் என இந்தப் பக்கத்து ஜிம்களுக்குக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பல ஜிம்கள் கடைகளுக்கு மேலே முதல் மாடியில், நீளமான ஒரு ஹாலில் நடப்பவை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சேர வருகிறவர் ட்ரெட்மில் எத்தனை, ஏ.சி. போடுவார்களா என்றெல்லாம் விசாரிப்பார். கண்ணாடியைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. அதை அலங்காரமாக நினைப்பதுதான் காரணம். ராடு வளைந்திருந்தால் மாஸ்டரிடம் சொல்கிறோம் இல்லையா? கண்ணாடியும் நாம் காசு கொடுத்துப் பயன்படுத்தும் கருவிதான்.

முதலில் அது என்ன கண்ணாடி என்று பாருங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீளநீளத் துண்டுகளாக விழும். டெம்பர்டு கண்ணாடி சிறுசிறு துகள்களாக நொறுங்கும். பின்பக்கம் சேஃப்டி ஃபிலிம் ஒட்டியிருந்தால், விரிசல் விட்டாலும் துண்டுகள் பெரும்பாலும் ஃபிலிமோடு ஒட்டியே நிற்கும். டெம்பர்டு, ஃபிலிம் இரண்டில் எது போட்டிருக்கிறார்கள் என்று உரிமையாளரிடம் நேராகவே கேட்கலாம். பதில் தெரியாமல் விழிக்கிறார் என்றால் இரண்டும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். ஒலிம்பிக் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். கண்ணாடி தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலே தொடங்கினால், உருண்டு போகும் பிளேட் வெறும் சுவரில்தான் முட்டும். தரையிலிருந்தே கண்ணாடி எழும்பினால் பார்க்க நன்றாக இருக்கும், முதல் அடியும் அதற்குத்தான் விழும். டம்பெல் ரேக்கைக் கண்ணாடியை ஒட்டிப் போடுவதும் இதே தப்பு. ஓரங்களில் கறுப்பு படர்ந்திருந்தால் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். பின்னால் உள்ள பிளைவுட் ஊறி உப்பினால் ஒட்டிய பசை விடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் ஜிம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கண்ணாடியின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். டெட்லிஃப்டில் முதுகு நேராக இருக்கிறதா என்று, பளுவோடு இருக்கும்போதே பக்கச் சுவர்க் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கழுத்து திரும்பினால் தோளும் கொஞ்சம் திரும்பும், பளு ஒரு பக்கம் சாயும். நேர் எதிரே உள்ள கண்ணாடியோ ராடு மட்டமாக இருக்கிறதா, முழங்கால் உள்ளே மடிகிறதா என்பதைக் காட்டும். இடுப்பு வளைவதைக் காட்டாது. வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அந்த மாதிரிப் போட்டி மேடையில் கண்ணாடியே கிடையாது. நான்கு மீட்டர் சதுர மேடை, எதிரே நடுவர், அவ்வளவுதான். வெறும் ராடில் கண்ணாடியைப் பார்த்து நிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். எடை ஏறியபிறகு பார்வை ஒரே புள்ளியில் நிற்கட்டும், பக்கவாட்டில் மாஸ்டர் நின்று பார்க்கட்டும். லாக் போடாமல் ராடைத் தூக்காதீர்கள். ஒரு பக்கத்துப் பிளேட் நழுவினால் மறுபக்கம் அப்படியே கவிழும்.

கண்ணாடி முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்று சொல்லும் புதியவர்களைக் கேலி செய்கிறார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிப் பழக்கமில்லாத பெண்கள் கண்ணாடி முன் சைக்கிள் மிதித்தபோது, கண்ணாடி இல்லாமல் மிதித்தபோது கிடைத்த உற்சாகம் கிடைக்கவில்லை. வேறு இடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடைந்து காயம் பட்டுவிட்டது என்றால், குத்தியிருக்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று அதில் எழுதியிருப்பது பின்னால் பெரிய துணை. கூட இருந்தவர் உடைந்த இடத்தைப் படம் எடுக்கட்டும். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், அதனால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். கட்டணம் கட்டிய ரசீது இல்லையா? ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதும்.

“காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாட்டில், நுகர்வோருக்குக் காயமோ நஷ்டமோ உண்டாக்கும் கவனக்குறைவும் அடக்கம். ஒரு கையெழுத்து அந்தப் பொறுப்பைத் தானாகத் துடைத்துவிடாது. அதே நேரம், நீங்கள் லாக் போடாமல் தூக்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். ஜிம் நிர்வாகம் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம்தான். போலீஸ் விஷயம் என்றால் மூன்றுமே 2022-ல் வந்த ஆவடி ஆணையரகத்துக்குள் வருகின்றன. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கணக்கில் வருவது ஜிம்முக்குக் கட்டிய பணம்தான், கேட்கும் நஷ்டஈடு இல்லை. கெடு 2 ஆண்டு.

கண்ணாடியால் வரும் இன்னொரு தொல்லை செல்போன். தன் ஸ்குவாட்டைப் படம் எடுப்பதாகச் சொல்லிக் கண்ணாடியைப் பார்த்து கேமராவை வைத்தால், பின்னால் பயிற்சி செய்யும் பெண்களும் அதில் விழுவார்கள். உண்மையிலேயே ஃபார்ம் பார்க்கத்தான் என்றால் பக்கவாட்டில், வெறும் சுவரைப் பார்த்து வைத்தாலே போதும். வேண்டுமென்றே பெண்ணைக் குறிவைத்து எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவும், தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் பாயலாம். உடை மாற்றும் அறையில் எடுத்தால் 77-வது பிரிவு. முதல் முறைக்கே சிறைத் தண்டனை உண்டு.

அந்த அறைக் கண்ணாடிக்குப் பின்னால் யாராவது பார்க்கிறார்களோ, கேமரா இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், நகத்தை வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள். பின்னால் இடம் தெரிந்தாலோ கேமரா இருந்தாலோ கழற்றாதீர்கள், நிர்வாகத்திடமும் கொடுக்காதீர்கள். அறைக்கு வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். போலீஸ் கையால் எடுத்தால்தான் அது நீதிமன்றத்தில் உறுதியான சாட்சியமாக நிற்கும். படம் ஏற்கெனவே ஆன்லைனில் ஏறிவிட்டது என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.