பெட்டியில் கிடைத்த பழைய கைக்கடிகாரம்: பழுது பார்ப்பதும் பழமை காப்பதும்

பொழுதை அளந்து வாழ்ந்த இனம் நம்முடையது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், நீர்க் கன்னலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். நாழிகை வட்டிலும் கன்னலும் இன்று வழக்கில் இல்லை. ஆனால் நம் தாத்தாக்களும் அப்பாக்களும் கட்டியிருந்த கைக்கடிகாரங்கள் இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அவற்றைக் கெடுக்காமல் மறுபடி ஓட வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

நான் கடிகாரத் தொழில் செய்பவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, வியாபாரத்துக்காக அகளிக்கு வந்து தங்கிவிட்டவன். கடிகாரங்களைப் பற்றி நான் கற்றதெல்லாம் படித்தும் பழுது பார்ப்போர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கற்றவை. முதல் பாடம் மட்டும் ஒரு நஷ்டத்தில் கற்றது.

ஒரு நஷ்டம்

என் தகப்பனார் 1968இல் ஓர் எச்.எம்.டி. கடிகாரம் வாங்கினார். பின்மூடியில் தம் பெயரின் முதல் எழுத்தையும் வாங்கிய ஆண்டையும் பொறித்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது நின்றுபோயிற்று. 1996இல் ஒரு நகரத்துக் கடையில் கொடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. "நல்லா பண்ணிக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் நல்லபடியாகத்தான் செய்தார். பழுப்பேறிய டயலை எடுத்துவிட்டுப் பளிச்சென்று புதுடயல் வைத்தார். மேலே பாலிஷ் போட்டார். பின்மூடியையும் சாணை பிடித்தார். கடிகாரம் ஓடியது. ஆனால் அப்பாவின் எழுத்து போய்விட்டது. "பழைய டயல் எங்கேங்க?" என்று கேட்டபோது, "அது எதுக்கு சார், குப்பையில போட்டாச்சு" என்றார். குற்றம் அவர் மேல் மட்டும் இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். கொங்கு நாட்டிலிருந்து அட்டப்பாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம். பாட்டனார் இறந்தபின் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது என்று ஓர் எச்.எம்.டி. ஜனதாவை எடுத்து நீட்டினார். "ஏனுங்க அய்யா, இதைக் கோயமுத்தூர்ல குடுத்துப் புது டயல் போட்டுப் பளபளன்னு பண்ணீரலாங்களா?" என்றார். "தம்பி, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கையில் இருப்பது என்ன?

முதலில் பொருளை அறிய வேண்டும். நம் வீடுகளில் கிடைக்கும் பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இந்தியாவில் விற்ற ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் கடிகாரங்கள். மற்றொன்று எச்.எம்.டி.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் 1953இல் பெங்களூரில் அமைந்தது. கேரளத்தார்க்குக் களமசேரித் தொழிற்சாலை வழியாக அந்தப் பெயர் பழக்கம். அங்கே செய்தவை இயந்திரக் கருவிகள். கைக்கடிகாரம் பெங்களூரில்தான் தொடங்கியது. 1961இல், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு. முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு தும்கூரிலும் வேறு இடங்களிலும் ஆலைகள் வந்தன. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., பரீட்சையில் தேறினால் எச்.எம்.டி. என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. 1984இல் டைட்டன் நிறுவனம் தொடங்கி, ஒசூரிலிருந்து பேட்டரிக் கடிகாரங்கள் வரத் தொடங்கியபின் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் சரிந்தது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

இந்த வரலாறு பழுது பார்ப்பதற்கும் முக்கியம். ஆலை மூடியபின் அசல் உதிரி பாகம் என்பது எஞ்சிய சரக்கு மட்டுமே. உங்கள் கடிகாரத்திலிருந்து எடுத்தெறியும் அசல் டயலுக்கு ஈடாக இன்னோர் அசல் டயல் எளிதில் கிடைக்காது. கடைத்தெருவில் புதிதாக அச்சடித்த டயல்கள் ஏராளம். நிறம் கண்ணைப் பறிக்கும், எழுத்து தடித்திருக்கும், வரிகள் கோணலாக இருக்கும். அவற்றை வைத்துப் பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கலவைக் கடிகாரங்களும் விற்பனைக்கு வருகின்றன. பழகிய சேகரிப்பாளர் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார்.

கிடைத்த அன்று செய்யக் கூடாதவை

நம்ம ஆளுங்க முதலில் செய்வது, ஓடுதா இல்லையான்னு பார்க்க முழுசா சாவி கொடுத்துக் குலுக்குவது. அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஜனதா போன்ற கடிகாரத்தின் பேலன்ஸ் வீல் ஒரு மணி நேரத்தில் 18,000 தடவை அடிக்கிறது. அதாவது நொடிக்கு 5, நாளுக்கு 4,32,000. அந்தச் சக்கரத்தின் அச்சுமுனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன். இப்படி உராயும் முக்கியமான இடங்களில் செயற்கைச் செம்மணிக் கற்களைப் பதித்திருப்பார்கள். டயலில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருப்பது இவற்றைத்தான். அச்சுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு துளி எண்ணெய் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தால் அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். அதில் தூசு கலந்தால் உப்புத்தாள் மாதிரி. அந்த நிலையில் ஓட்டினால் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் அச்சு தேயும். ஓடுகிற கடிகாரத்துக்கும் சர்வீஸ் தேவை என்பது இதனால்தான்.

தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். கத்தி முனையால் பின்மூடியை நெம்பாதீர்கள். தேதி காட்டும் கடிகாரமானால், இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது தேதியைத் திருப்பாதீர்கள், பல் உடையலாம்.

எங்கள் அட்டப்பாடியிலேயே மேற்கே முக்காலிப் பக்கம் நல்ல மழை, கிழக்கே ஆனைக்கட்டிப் பக்கம் வறட்சி. அங்கே கடிகாரத்துக்கு எதிரி ஈரம், இங்கே தூசு. கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்தாற்போல் தெரிந்தால் வெயிலில் வைக்க வேண்டாம். மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி வைத்து, சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

ரேடியம் பற்றி ஓர் எச்சரிக்கை

இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1960களுக்கு முந்திய பல கடிகாரங்களின் முள்ளிலும் எண்களிலும் பூசியிருந்தது நிஜமான ரேடியம்தான். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டதாக நினைக்கக் கூடாது. ஒளிரும் வேதிப்பொருள்தான் தீய்ந்திருக்கிறது. கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல் எழுதிய பெண்கள் தாடை எலும்பு அழுகி மாண்ட கதை 1920களில் உலகையே உலுக்கியது. மூடியிருக்கும் கடிகாரம் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. திறந்து, சுரண்டி, அந்தப் பொடியை மூச்சில் இழுப்பதுதான் கேடு. மிகப் பழைய ஒளிரும் டயல் என்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம். பழுது பார்ப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரியான சர்வீஸ் எது?

மூடியைத் திறந்து இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, ஊதிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கடிகாரம் உடனே ஓடும். ஆனால் அழுக்கு இடம் மாறியதே தவிர வெளியேறவில்லை. சரியான சர்வீஸ் என்றால் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் தனித்தனியே கழுவி, தேய்மானம் பார்த்து, அந்தந்த இடத்துக்கு உரிய எண்ணெயை உரிய அளவில் இட்டுப் பூட்டுவது. பிறகு கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு நாளுக்கு எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும் கருவியில் வைத்துத் திருத்துவது. அந்தக் கருவி உள்ளவரா என்று கேட்டுப் பாருங்கள். பேலன்ஸ் வீல் எத்தனை பாகை வீசுகிறது என்பதையும் அது காட்டும். முழுச் சாவியில் 250 பாகைக்கு மேல் வந்தால் பழைய கடிகாரத்துக்கு நல்ல ஆரோக்கியம். நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போனால் குறை சொல்ல வேண்டாம்.

மாற்றக் கூடியவை உண்டு. மெயின் ஸ்பிரிங், உள்ளே ஈரம் புகாமல் வைக்கும் ரப்பர் வளையம், கீறிப்போன பிளாஸ்டிக் கண்ணாடி, வார். இவை தேயவே செய்தவை. கண்ணாடியில் லேசான கீறல் என்றால் மாற்றக்கூட வேண்டாம், தேய்த்தே போக்கலாம்.

மாற்றக் கூடாதவை டயலும் முட்களும். சாவி திருகில் நிறுவனத்தின் முத்திரை இருந்தால் அதுவும். மேற்கூட்டைச் சாணை பிடிக்கவே கூடாது. எச்.எம்.டி.யின் பல மாதிரிகள் பித்தளைக்கு மேல் குரோமியம் பூசியவை. பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் பூச்சு கரைந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். முழு எஃகு என்றாலும் விளிம்பின் கூர்மை போனால் திரும்பாது. பின்மூடியின் உட்புறத்தில் பழைய பழுதுகாரர்கள் ஊசியால் கீறிய குறிகள் இருக்கலாம். அவையும் வரலாறே, அழிக்க வேண்டாம்.

இதைச் சுவடியோடு ஒப்பிட்டால் விளங்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பு நோக்கினார். புரியாத இடங்களில் தாமே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பாமல், பொருள் தெரிந்த கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். ஏட்டிலிருந்து தூசைத் துடைக்கலாம். எழுத்தைத் திருத்தி எழுதினால் மூலம் போய்விடும். டயல் விஷயமும் அதேதான். இன்று மாற்றாமல் விட்டதை நாளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிவிட்டதை மீட்க வழியில்லை.

விலை என்று பார்த்தாலும்

வியாபாரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜனதாவுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. நல்ல சர்வீஸுக்கு ஆகும் செலவு கடிகாரத்தின் விலையைத் தாண்டினாலும் தாண்டும். ஆனால் விலை ஏறுவது எதனால் என்பதற்கு ஓர் உலக உதாரணம் இருக்கிறது. நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பின்மூடியில், கவனமாக வண்டி ஓட்டும்படி அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. அது அவருடைய கடிகாரம் என்பதற்கு அந்த வாசகமே சாட்சி. யாராவது அதைச் சாணை பிடித்து அழித்திருந்தால்? இதைப் படித்தபோது என் அப்பாவின் பின்மூடியை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

பில், உத்தரவாத அட்டை, டப்பா எது இருந்தாலும் எறியாதீர்கள். கடிகாரத்தோடு சேர்ந்தே இருக்கட்டும்.

கொடுக்கும்போது எழுதிக் கொடுங்கள்

திறக்கும் முன்பே முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்: "இயந்திரத்தை முழுதும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடவும். டயல், முட்கள் மாற்ற வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். பாலிஷ் வேண்டாம். எந்தப் பாகம் மாற்ற வேண்டியிருந்தாலும் முதலில் கேட்கவும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்." நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுபவரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அந்த இளைஞர் அப்படியே செய்தார். கோவையில் வயதான ஒரு பழுதுகாரர் பத்து நாள் வைத்திருந்து, மெயின் ஸ்பிரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தார். பழைய ஸ்பிரிங் ஒரு காகிதப் பொட்டலத்தில் வந்தது. டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில் இருந்த கறை அப்படியே இருக்கிறது. இளைஞரின் அம்மா அதைப் பார்த்ததும், "எங்க மாமனார் தண்ணி கட்டப் போறப்ப ஒருநாள் வாய்க்கால்ல விழுந்து உள்ள தண்ணி போயிருச்சுங்க, அந்தக் கறைதான் இது" என்றாராம். பேரனுக்கு அதுவரை தெரியாத சங்கதி.

நான் அவரிடம் கடைசியாக ஒரு காரியம் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். யார் வாங்கியது, எப்போது, யார் கையில் இருந்தது, எங்கே எப்போது சர்வீஸ் ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். தமிழில் எழுதுங்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கே மலையாளத்தில் படிக்கிறார்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராமல் போகலாம். ஆகவே அதே தாளின் பின்பக்கம் மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.