மூழ்கும் முன்

செட்டிநாட்டு நகரத்தார், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர் என்னும் செய்தியை வழிவழியாகக் கூறி வருகின்றனர். அந்நகரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் உரைக்கிறது. அக்கடற்பகுதியை, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூழ்கி ஆராய்ந்துள்ளனர். பூம்புகார்க் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவிலான அமைப்பு ஒன்றை அவர்கள் கண்டறிந்தனர். அத்தகைய ஆழத்தில் மனிதர் மூச்சுவிட்டுப் பணிபுரிய உதவுவதே ‘ஸ்கூபா’ எனப்படும் மூச்சுக்கருவித் தொகுதி.

கல்லும் கயிறும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர், மூச்சை அடக்கிக்கொண்டு கல்லின் எடையால் கடலடியை அடைந்தனர். கயிற்றின் மறுமுனையைப் படகில் இருந்த துணைவர் பற்றியிருந்தார். கயிறு அசைந்ததும் மேலே இழுத்தார். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவி, காற்றை முதுகில் சுமந்து செல்லும் வழியைப் பரவலாக்கியது.

ஆழமும் அழுத்தமும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மூழ்குநர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் செலவாவதைப்போல் மும்மடங்கு காற்று தேவைப்படும். மேலே ஒரு மணி நேரத்திற்குப் போதுமான காற்று, அங்கே இருபது நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே, கரையில் சிறிதாகத் தோன்றும் குறை, ஆழத்தில் உயிருக்கே இடராகும்.

பொருத்துதல்

முதலில், காற்று உருளையின்மீது பொறிக்கப்பட்டுள்ள சோதனை நாளைப் பார்க்க வேண்டும். பின்னர் மிதவை அங்கியின் பட்டையை நனைத்து, உருளையில் இறுகக் கட்ட வேண்டும். உலர்ந்த பட்டை நீரில் நனைந்ததும் தளரக்கூடும். உருளையின் வாயில் உள்ள இரப்பர் வளையத்தில் வெடிப்போ கீறலோ இருப்பின் அதனை மாற்றுதல் வேண்டும். அடைப்பானைச் சற்றே திறந்து மூடினால் வாயில் படிந்த தூசியும் நீர்த்துளியும் அகலும். அதன்பின், காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் சீராக்கியைப் பொருத்தி, அங்கிக்குக் காற்றூட்டும் குழாயை இணைக்க வேண்டும்.

சரிபார்த்தல்

அழுத்தமானியின் முகப்பு எவரையும் நோக்கி இராதவாறு திருப்பிவைத்து, அடைப்பானை மெதுவாக முழுவதும் திறக்க வேண்டும். சீறும் ஒலி தொடர்ந்து கேட்டால் கசிவு உள்ளது என அறியலாம். நிரம்பிய உருளை பொதுவாக ஏறத்தாழ 200 பார் அழுத்தம் காட்டும்.

அடுத்து, மானியைப் பார்த்தவாறே வாய்க்கருவி வழியாகச் சில முறை மூச்சு இழுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் தாழ்ந்து எழுந்தால், பெரும்பாலும் அடைப்பான் முழுவதும் திறக்கப்படவில்லை என்பது பொருள். பாதி திறந்த அடைப்பான் கரையில் தடையின்றிக் காற்றுத் தரும். மிகுதியான காற்று தேவைப்படும் ஆழத்தில் தடைப்படும். குறையைக் காட்டிக்கொடுப்பது அந்த முள் ஒன்றே. காற்றில் எண்ணெய் வாடை வீசினால் அவ்வுருளையைப் பயன்படுத்தலாகாது. மாற்று வாய்க்கருவியையும் இவ்வாறே சோதித்தபின், அங்கி காற்றை ஏற்பதையும் வெளியேற்றுவதையும் பார்க்க வேண்டும். சோதித்து முடித்த உருளையை நிறுத்தி வைக்காது கிடத்தி வைத்தல் நலம்.

துணைவரின் கண்

தன் கருவியைத் தானே சோதித்தல் போதாது. இருவராக மூழ்குவோர், ஒருவர் கருவியை மற்றவர் பார்க்க வேண்டும். மிதவை அங்கி, எடைக்கச்சை, கொக்கிகள், காற்று என ஒவ்வொன்றையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்து, இறுதியில் தலை முதல் கால்வரை நோக்குதல் முறை. இடர் நேரும்போது துணைவரின் கச்சையை இருளிலும் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். உரிய பயிற்சியும் உடல்தகுதிச் சான்றும் இன்றி எவரும் மூழ்குதல் கூடாது. மேலெழும்போது மூச்சை அடக்கலாகாது; அடக்கினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனைக் கிழிக்கும்.

முத்துக்குளித்தோர் நாளில் கயிறு பற்றிய கை செய்த காவலை, இன்று துணைவரின் கண் செய்கிறது. இச்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். பலமுறை மூழ்கிப் பழகியவரும், ஒவ்வொரு முறையும் அதனை முதலிலிருந்தே செய்கின்றனர்.