பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆள்

“பிள்ளையப் பார்த்துக்கிற நல்ல ஆளு யாராவது இருந்தா சொல்லுங்கக்கா.”

மதுரையில் இந்தக் கோரிக்கை பூக்கார அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும்தான் முதலில் போகிறது. அதில் தவறில்லை. ஒருவரின் குணத்துக்கு அவர் தெருக்காரர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. சிக்கல் அவசரத்தில்தான் இருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஆனாலும் பல வீடுகளில் விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஆயா தேடுகிறார்கள். ‘ஆள் கிடைத்தால் போதும்’ என்ற நிலையில், கேட்க வேண்டியவை விட்டுப்போகின்றன. கடைசி ஒரு மாதத்தையாவது இந்தத் தேடலுக்கு ஒதுக்குங்கள்.

விசாரிப்பது எப்படி?

முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் நேரில் பேசுங்கள். ஏன் நின்றார் என்று கேளுங்கள். ஆதார் நகல் வாங்குங்கள். வீட்டுப் பணியாளரின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதே மரியாதை.

அடுத்து, அவரது கைப்பக்குவம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதில் நம் ஊர்ப் பாட்டிகள் தேர்ந்தவர்கள். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். “நாங்க வளர்க்காத பிள்ளையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா, “டாக்டரு வேணாம்னா விட்ருவோம் தாயி” என்கிறாரா? நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் சொல் நிற்குமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

முதல் வாரம் நீங்களும் வீட்டில் இருங்கள். பிறகு ஒரு மணி நேரம், அரை நாள் என்று வெளியே போய் வாருங்கள். பழகிய பின்னும் அவரைக் கண்டு குழந்தை மிரண்டால் அலட்சியம் வேண்டாம். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் 1098-ஐ அழையுங்கள்.

அவருக்கும் நியாயம் வேண்டும்

ஆயா அடிக்கடி மாறினால் முதலில் ஏங்கிப்போவது குழந்தைதான். அவர் நிலைத்திருப்பது நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது. 2018-ல் தமிழக அரசு, வீட்டு வேலைக்கு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. பிள்ளை வளர்ப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகவே தர வேண்டும். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். திருமங்கலம், மேலூர் பக்கமிருந்து கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வருபவரை இருட்டும் வரை நிறுத்திவைக்காதீர்கள். 2007-ல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிய உதவுங்கள். ‘பிள்ளைக்குத் துணை’ என்று 14 வயது நிரம்பாத சிறுமியை வேலைக்கு வைப்பது குற்றம். 2006-லேயே தடை வந்துவிட்டது.

நம் ஊரில் இந்த வேலை வாய்ச்சொல்லை நம்பியே நடக்கிறது. ஆகவே ஆயா விலகிப் போனபின், விசாரிக்க வருபவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். சின்ன மனத்தாங்கலைப் பெரிதாக்கி அவர் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். குழந்தையின் பாதுகாப்பு பற்றிய குறை இருந்தால் மறைக்கவும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்வதை நம்பித்தான் இன்னொரு தாய் வேலைக்குக் கிளம்புகிறாள்.