கடைமடைக்கு வராத வெளிச்சம்

வண்டியும் நாமும் – 14

சென்ற இதழில் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் பார்த்தோம். அந்த மின்சாரம் போய்ச் சேரவேண்டிய இடங்களில் உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஹெட்லைட்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் பைக், ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஒரு மாடு நிற்பதைக் கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விட்டோம். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க, நல்ல சாலையிலும் இன்னும் 25, 30 மீட்டர் வேண்டும். ஆகவே 50 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரியாத விளக்கோடு இரவில் 60-இல் போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

வெளிச்சம் போதவில்லை என்றதும் பலரும் நேராகக் கடைக்குப் போய் அதிக வாட் பல்போ எல்இடியோ வாங்கி மாட்டுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் குறை பல்பில் இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் வழியிலேயே தொலைகிறது. முதலில் அதை மீட்கவேண்டும், வாங்குவதெல்லாம் பிறகு.

உங்கள் வண்டி எந்த வகை?

பழைய ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியோடு தொடர்பே கிடையாது. இன்ஜினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து ஏசி மின்சாரம் நேராக விளக்குக்குப் போகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசம். சிக்னலில் நின்றால் மங்கல். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. இதற்காகப் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு. புல்லட் 350, கிளாசிக் 350 போன்றவற்றில் பேட்டரி வழியாக டிசி மின்சாரம் வருகிறது. அங்கே வண்டி ஓடும்போதும் வெளிச்சம் மங்கினால், அது பழுதுதான்.

உங்கள் வண்டி எது என்று அறிவது எளிது. இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைட்டைப் போடுங்கள். எரிந்தால் டிசி. எரியாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். சில டிசி வண்டிகளிலும் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புது இரு சக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடி இருக்கவேண்டும் என்பது விதி. அவற்றில் அணைக்கும் சுவிட்சே இல்லாததால், மெக்கானிக்கிடம் கேட்டுவிடுவது நல்லது.

வோல்ட் எங்கே போகிறது?

டிசி வண்டியில் மின்சாரம் பேட்டரியில் புறப்பட்டு, ஃப்யூஸ், சாவி சுவிட்ச், லைட் சுவிட்ச், டிம்–பிரைட் சுவிட்ச், கப்ளர் என்று பல இடங்களைக் கடந்து பல்பை அடைகிறது. பிறகு எர்த் வயர் வழியாகத் திரும்புகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் துரு, கொஞ்சம் லூஸ் காண்டாக்ட். அணையில் தண்ணீர் நிறைந்திருந்தும், தூர்வாராத வாய்க்காலின் கடைமடை காய்வதுபோல, பேட்டரி நன்றாக இருந்தும் பல்ப் மங்குகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்தச் சேதத்தை இன்னும் வேகப்படுத்தும்.

சிறு இழப்புதானே என்று விட்டுவிட முடியாது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம், வோல்ட் குறையும் அளவைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 13 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால், ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓட, டிம் லைட் எரிய, பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, பல்பின் பின்புற முனைகளில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கில் இழப்பு. அது எந்தப் பக்கம் என்றும் பார்க்கலாம்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புதான் குற்றவாளி. எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும். வெளிச்சம் திரும்பிவிடும்.

மற்ற அறிகுறிகளும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். டிம் மட்டும் எரியவில்லையா? அந்த இழை அறுந்திருக்கும், இல்லையேல் டிம்–பிரைட் சுவிட்ச் போயிருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது விட்டுவிட்டு எரிகிறதா? கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து ஒரு வயர் உள்ளே அறுந்திருக்கும். பல்ப் அடிக்கடி போகிறதா? ரெகுலேட்டரைச் சோதியுங்கள், வோல்ட் வெறும் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வயரிங் எல்லாம் சரி, வெளிச்சம் மட்டும் இல்லையா? டூமுக்குள் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கியிருக்கும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

100 வாட் என்ற ஆசை

ஸ்ப்ளெண்டர் வகைக்கு எச்எஸ்1 பல்ப், 35/35 வாட். புல்லட் வகைக்கு எச்4, 60/55 வாட். கடையில் 100/90 வாட் எச்4 பல்பும் கிடைக்கிறது. 60 வாட் பல்ப் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல். சுவிட்சிலும் கப்ளரிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அங்கே சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஹோல்டர் உருகுவதும் சுவிட்ச் கருகுவதும் இதனால்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

டிசி வண்டிக்குச் சரியான முதல் மேம்பாடு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30ஆம் எண் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேர் வயர், 87-இலிருந்து பல்புக்கு. 85, 86-இல் ஒன்றுக்குப் பழைய சுவிட்ச் வயர், மற்றதற்கு எர்த். இனிப் பெரிய மின்னோட்டம் சுவிட்ச் வழியாகப் போகாது. சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும், வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையவேண்டாம். அதே 60/55 பல்ப் தன் முழு வெளிச்சத்தைத் தரும்.

எல்இடி போடலாமா?

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியைத் தொடாமல். டிம் இழையின் கீழே சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். ஒளியின் ஒரு பாதியை அது மறைப்பதால்தான் டிம் லைட்டுக்கு மேல்விளிம்பு கிடைக்கிறது, எதிரில் வருபவர் கண் தப்பிக்கிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிக்கப்பட்டது. எல்இடி சில்லு அந்த இடத்திலிருந்து ஓரிரு மி.மீ. விலகினாலும் ஒளி சிதறும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும், தூரத்தில் இருட்டு, எதிரில் வருபவருக்குக் கண் கூசும்.

ஆகவே பல்பை மட்டும் மாற்றுவதைவிட, எல்இடிக்காகவே வடிவமைத்த முழு ஹெட்லைட்டை மாட்டுவது மேல். வெளிநாட்டிலிருந்து வரும் மலிவு விளக்குகளில் ஒன்றைக் கவனியுங்கள்: வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு வலப்புறம் ஒளியைத் தூக்கி அடிக்கும். நம் சாலையில் அது நேரே எதிரில் வருபவர் முகத்தில் விழும். நீலம் பாய்ந்த வெள்ளை ஒளியும் வேண்டாம். கண்ணை அதிகம் கூசவைப்பது அதுதான். ஏசி வண்டியில் எல்இடி போட்டால் மினுக்கும். மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றவேண்டும்.

சுவரின் முன்னால்

எதை மாற்றினாலும் கடைசி வேலை ஒன்று உண்டு, அதற்குக் காசே வேண்டாம். டயரில் சரியான காற்று வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி, அதில் உட்காருங்கள். விளக்கின் மைய உயரத்தை இன்னொருவர் சுவரில் குறிக்கட்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 5 முதல் 7.5 செ.மீ. கீழே இருக்கவேண்டும். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்த ஒளி 60 முதல் 90 மீட்டரில் சாலையைத் தொடும். நாம் முதலில் போட்ட 50 மீட்டர் கணக்குக்கு அது போதும். பின்னால் இருவரை ஏற்றினாலோ பால் கேன் கட்டினாலோ வண்டியின் முன்பக்கம் தூக்கும், விளக்கு மரக்கிளையைப் பார்க்கும். தினமும் சுமை ஏற்றுபவர்கள் அந்தச் சுமையோடுதான் அளவு பார்க்கவேண்டும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் முன்விளக்கு பிறர் கண்ணைக் கூசவைக்கக்கூடாது என்கின்றன. கண்கூசியவருக்குப் பார்வை திரும்ப மூன்று விநாடி ஆனால், 60 கி.மீ. வேகத்தில் அவர் 50 மீட்டரைக் குருடராகக் கடக்கிறார். அந்த 50 மீட்டருக்குள் நடந்துபோகிறவர் யாராகவும் இருக்கலாம். எர்த், வயரிங், ரிலே, சுவர் அளவு என்ற வரிசையில் போங்கள். இதுவே பலருக்குப் போதும். போதாதவர்கள் மட்டும் புது விளக்கு வாங்குங்கள். நாம் பார்ப்பதற்காக இன்னொருவர் பார்வையைப் பறிக்கவேண்டியதில்லை.

*அடுத்த இதழில்: பின்னால் வருபவரை எச்சரிக்கும் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும்.*