பழைய பெட்டியின் குரல் புதிய கீபோர்டில்

நம் சங்கத்து நவராத்திரிக் கொலுவுக்குப் பாட வருகிறவர்களுக்கு என் அம்மாவின் ஆர்மோனியப் பெட்டி பழக்கமானதுதான். லேக் மார்க்கெட் பக்கத்துக் குழந்தைகள் பலர் அந்தப் பெட்டியின் சுருதியில்தான் சரளி வரிசை ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு இப்போது 83 வயது. மூட்டுவலியால் இடது கை துருத்தியை அசைக்க மறுக்கிறது. பெட்டியும் தளர்ந்துவிட்டது. 37 கட்டைகளில் 5 ஊமை.

ரிப்பேர் செய்யும் மிஸ்திரியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் மேல்பலகையைக் கழற்றி, பித்தளை ரீடுகளை விரலால் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தார். "தாதா, முழுவதும் புது ரீடு போட்டுத் தருகிறேன், நன்றாகவே பாடும். ஆனால் இந்தக் குரல் வராது" என்று வங்காளியில் சொன்னார். சரி, குரலை முதலில் எடுத்து வைத்துவிடுவோம், ரிப்பேர் அப்புறம் என்று முடிவு செய்தேன். அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதை எழுதுகிறேன். ஓயப்போகிற வாத்தியம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

ஆர்மோனியம் பிறந்தது பாரிஸில். அலெக்ஸாண்டர் தெபேன் என்பவர் 1842ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதிக்கிற வாத்தியம். தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடுகிற பெட்டியாக அதை மாற்றியது நம் கல்கத்தா. 1875ல் துவாரகாநாத் கோஷ் செய்தார் என்பார்கள். கட்டைகளுக்கு நடுவே வளைய முடியாத இதில் கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940ல் இதை விலக்கிவைத்து, 1971ல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. வானொலி விலக்கிய அந்த வருடங்களிலும் வீட்டுக்கு வீடு பெட்டி இருந்தது.

இனி கீபோர்டு விஷயம். இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் தபலா, பேஸ், கிடார் எல்லாம் தானாகக் கூட வருகிற கீபோர்டுக்கு அரேஞ்சர் என்று பெயர். என் மகள் வாசிப்பது அதுதான். அதில் ஆர்மோனியம் என்றே ஒரு குரல் தயாராக இருக்கிறது. அம்மா இரண்டு ஸ்வரம் கேட்டுவிட்டு, "இது சர்ச்சில் வாசிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். அவள் சொன்னது சரி. எதிரொலியைத் தாராளமாகச் சேர்த்து, எல்லா ரீடையும் ஒரே மாதிரி இழைத்து வைத்திருந்தார்கள்.

நம் வாத்தியத்தின் ஒலியை நாமே பதிவு செய்து கீபோர்டுக்குள் ஏற்றுவதற்கு சாம்பிளிங் என்று பெயர். எல்லா கீபோர்டும் இதற்கு இடம் கொடுக்காது. கோர்க் பிஏ1000 போன்றவற்றில் கருவியிலேயே செய்யலாம். யமஹாவின் உயர்ந்த வகைகளுக்கு எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற இலவசக் கணினி நிரல் இருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் 'யூசர் சாம்பிள் ஏற்ற முடியுமா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு டிசம்பரைத் தேர்ந்தெடுத்தேன், மின்விசிறி வேண்டாம் என்பதற்காக. நேரம் அதிகாலை 2 மணி. தெருவில் மீன்காரர் குரல் கொடுக்க ஆரம்பிக்குமுன் முடித்தாக வேண்டும். ஃப்ரிட்ஜையும் அணைத்தோம். பெட்டியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மைக். துருத்தியின் பக்கம் வைத்தால் காற்றின் சத்தம் ஸ்வரத்தை விழுங்கிவிடும். மகள் கட்டையை அழுத்த, நான் துருத்தியைச் சீராகப் போட, ஒவ்வொரு கட்டைக்கும் 10 விநாடி. துருத்தியின் அழுத்தம் கூடிக் குறைந்தால் சுருதியும் லேசாக அசையும். அதனால் நிதானம் முக்கியம்.

மூன்று கட்டைக்கு ஒன்று பதிவு செய்தால் போதும், நடுவில் உள்ளதைக் கீபோர்டு தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பழைய பெட்டியில் ஒவ்வொரு ரீடுக்கும் ஒரு சுபாவம். ஒன்று மூக்கால் பேசும், அடுத்தது கரகரக்கும். ஆகவே பேசுகிற 32ஐயும் தனித்தனியே எடுத்தேன். ஊமைக் கட்டைகளுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் குரலை இரவல் வாங்கினேன். ஒரு கட்டைக்கு மேல் இரவலை நீட்டக்கூடாது. நீட்டினால் மேலே போகும்போது எலி கீச்சிடுகிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது லூப் போடுவது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது இதில்தான். கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி நீடிக்க வேண்டும். பதிவோ 10 விநாடிதான். எனவே நடுவில் ஒரு துண்டைத் தேர்ந்து, அதன் முடிவு அதன் ஆரம்பத்தோடு சேரும்படி சுற்றவிட வேண்டும். எங்கே ஒட்டினாலும் 'டக் டக்' என்று இடித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் பெட்டியில் பாஸ், மேல் என்று இரண்டு வரிசை ரீடுகள், ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி தள்ளி. பாஸ் ரீடு விநாடிக்கு 220 தடவை அதிர்ந்தால், மேல் ரீடு சரியாக 440 தடவை அதிர வேண்டும். பழைய பெட்டியில் அது 442 ஆக இருக்கும். அந்த 2 வித்தியாசம் விநாடிக்கு இரண்டு அலையாகக் காதில் விழும். பெட்டியின் உயிரே அந்த அலையில்தான் இருக்கிறது. அலை ஒன்றுக்கு அரை விநாடி என்றால் லூப்பின் நீளம் அரை, ஒன்று, ஒன்றரை என்றுதான் இருக்க வேண்டும். 0.7 விநாடியில் வெட்டினால் அலை பாதியில் அறுந்து இடிக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அலையின் வேகம் வேறு. காது வைத்து எண்ணியே வெட்ட வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச நிரல் இதற்குப் போதும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு தர்மசங்கடம். கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியை 100 சென்ட் என்று பிரிப்பார்கள். பெட்டி சராசரியாக 18 சென்ட் ஏறியிருந்தது. அப்படியே விட்டால் கீபோர்டின் பேஸும் கிடாரும் அதோடு சேராது. ஒவ்வொரு கட்டையையும் சரி செய்தால் பெட்டி போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாக 18 சென்ட் இறக்கி, ஒன்றுக்கொன்று உள்ள கோணலை அப்படியே விட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் வாசித்தால் பெட்டி மாதிரி இல்லை. கீபோர்டில் ஓங்கி அடித்தால் ஒலி பெரிதாகும். ஆர்மோனியத்தில் அப்படிக் கிடையாது. ஒலியைப் பெருக்குவதும் சுருக்குவதும் துருத்திதான். எனவே அந்தக் குரலுக்கு 'டச்' என்பதைப் பூஜ்யமாக்கி, ஒரு எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கி மாட்டினேன். கால்தான் இனித் துருத்தி. வாக்கிய முடிவில் பெடலைத் தளர்த்தி, அடுத்ததற்கு மெல்ல அழுத்த வேண்டும். மகளுக்கு இந்த மூச்சு பழக ஒரு மாதம் ஆயிற்று. எதிரொலியையும் ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டேன்.

எல்லாப் பழைய ஒலிக்கும் இந்தப் பாடு தேவையில்லை. 1954ல் வந்த நாகின் படத்து மகுடி ஒலி பாம்பாட்டியின் மகுடியே அல்ல. நம் ஹேமந்த் குமார் இசையில் கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்வாத்தியம். சதுர அலை ஒன்றை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் என்று வைத்து, கொஞ்சம் நடுக்கம் சேர்த்தால் பக்கத்தில் போய்விடலாம்.

வேலை முடிந்ததும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகள் ஐந்தரைக் கட்டைக்கு மோகனம் வாசித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் கூடவே பாடினாள். நடுவில் நிறுத்தினாள்.

"கீழ் பஞ்சமத்திலே ஒரு உர்ர்னு சத்தம் வருமே, அது எங்கேடா?"

பழுதென்று நினைத்து அதைக் கணினியில் துடைத்துவிட்டிருந்தேன். அன்று இரவே பழைய பதிவைத் தேடி எடுத்துத் திரும்பச் சேர்த்தேன்.