சாரலுக்குத் தனிப் பட்டை
கணவாய்க் காற்று – 14

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே கணினியில் காற்றை ஓடவிட்டதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள், எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று காட்டும் நிறப்பட்டை என்னைப் பிடித்துக்கொண்டது.

சிமுலேஷன் முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, மழை, வெப்பம் என்று எண்கள் கிடைக்கும். அவற்றைப் படமாக்க நான் எடுத்துக்கொண்டது பாராவியூ. கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் 2000-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. இதில் ஒரு பரப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு மாறியின் நிறம்தான் ஏறும். மலைக்கு மழையின் நிறத்தைக் கொடுத்துவிட்டால், காற்றை அதே தரவிலிருந்து, அது செல்லும் வழியைக் காட்டும் ஓட்டக்கோடுகளாகத் தனியே வரைந்து, வேறு நிறம் தர வேண்டும். இப்போது திரையில் இரண்டு பட்டைகள். ஒன்று மில்லிமீட்டரில், மற்றது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில். இரண்டுக்கும் ஒரே நீலம்-சிவப்பு வரிசையைக் கொடுத்தால் பலத்த காற்றைப் பார்ப்பவர் கனமழை என்று நினைத்துவிடுவார். அதனால் மழைக்கு நீலம் மட்டும், காற்றுக்கு மஞ்சளிலிருந்து பழுப்பு.

இனிதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். ஆனி, ஆடியில் மேற்கே கேரளத்தில் மழை கொட்டும்போது தென்காசிக்கு வருவது மேல்காற்றும் சாரலும்தான். மழைப் பட்டையின் உச்சத்தை 200 மி.மீ. என்று வைத்தால் நாள் முழுக்கத் தூறிச் சேர்ந்த 2 மி.மீ. சாரல், பட்டையில் நூற்றில் ஒரு பங்கு. படத்தில் அது வெள்ளை. எந்தச் சாரலுக்காகக் குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறோமோ, அந்தச் சாரலே படத்தில் இல்லை!

கிழக்குப் பக்கத்தைத் தனியே வெட்டியெடுத்து உச்சத்தை 10 ஆக்கினால் மேற்கும் சேர்ந்து மாறிவிடுகிறது. ஒரே பெயருள்ள மாறி எங்கிருந்தாலும் ஒரே பட்டையைப் பகிர்ந்துகொள்வது பாராவியூவின் வழக்கம். அதற்கும் ஒரு பொத்தான் உண்டு: தனி நிற அளவு. அழுத்தியதும் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேலெல்லாம் இளநீலம் படர்ந்தது. அதே மழை, இரண்டு பட்டைகள்.

லாக் அளவு வைத்தால் ஒரே பட்டை போதுமே என்று வாசக நண்பர் ஒருவர் கேட்டார். லாக்கில் சுழிக்கு இடமில்லை. மேலும், 2-க்கும் 20-க்கும் இடையே தெரியும் வித்தியாசம்தான் 20-க்கும் 200-க்கும் இடையிலும் தெரியும். வெள்ளம் வரும் மலையில் எனக்கு அது ஒப்பவில்லை.

அருவிக்கரையிலும் ஒரே அளவுகோல் கிடையாது. குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. ஐந்தருவிக்கு அதன் வரத்தைப் பார்த்துத் தனி முடிவு. ஒன்றில் தடையும் இன்னொன்றில் கூட்டமுமாக இருப்பது சீசனில் சாதாரணம்.

ஆனால் 10-ஐ உச்சமாகக் கொண்ட சாரல் பட்டையை மலைமேல் ஏற்றவே கூடாது. 10-க்கு மேல் எல்லாம் ஒரே அடர்நீலம். 30-ம் 130-ம் ஒன்றாகத் தெரியும். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. மலைக்கான பட்டையில் நிறம் மாற வேண்டிய இடங்கள் அவை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்தான். கீழே குளிப்பவரின் தலையில் விழும் தூறல், மேலே பெய்வதைச் சொல்லாது. ஆகவே இரண்டு மழைப் பட்டைகளையும் நான் பிரிப்பது மாநில எல்லையில் அல்ல, மலை முகட்டிலும் அல்ல, அருவிகளின் அடிவாரத்தில். அருவியாக விழும் சிற்றாற்றின் மலை நீர்ப்பிடிப்பு முழுவதும் பெரிய பட்டைக்குள் வந்தாக வேண்டும்.

காற்றாலை அடுத்த வாரம் நிச்சயம். விசிறி சுழலத் தொடங்க வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் காற்று வேண்டும். 25-ஐ நெருங்கினால் நிறுத்திவிடுவார்கள். காற்றுப் பட்டையை அந்த இரண்டு எண்களுக்கு நடுவே மட்டும் விரித்துப் பார்ப்போம்.